சுடுதண்ணீர் குடித்த மூப்பர்கள்

1988 ஓகஸ்ட் 9 என்று திகதியிட்ட கடிதம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்தது. எழுதியவன், மொன்றியலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய இரண்டு மோர்மன் கிறிஸ்தவ சபை ஊழியக்காரரில் இளையவன். ஒரு பக்கக் கடிதத்தில் நான்கு பிழைகள். எங்களைச் சந்தித்தது 1987 மாரியில் என்கிறான், 1986 டிசெம்பரில். வீட்டில் மூன்று சகோதரர்கள் இருந்தார்களாம், இருவர். எலுமிச்சம்பழம் பிழிந்த சுடுதண்ணீர் கொடுத்தோமாம். வெறும் தண்ணீர்தான் கொடுத்தது. நான்காவது பிழை எல்லாவற்றிலும் பெரியது. நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் போல இருந்ததைப் பார்த்துத் தன் விசுவாசம் பலப்பட்டதாக எழுதி, அந்த வரியின் கீழே கோடும் போட்டிருக்கிறான்.

அவனும் என்னைப் போல நாட்குறிப்பு எழுதுகிறவன். அவர்களுடைய சபை அப்படிப் பழக்கியிருந்தது. நாள் தவறாமல் எழுதியும் இவ்வளவுதான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. என் கண்ணில் பட்டது எவ்வளவு என்பதைக் கீழே எழுதுகிறேன்.

மொன்றியலின் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டாம் மாடியில் இருந்தோம். ஓர் அறையில் யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து, மதியம் கடந்துதான் எழும்புவார்கள். மற்ற அறையில் நானும், என்னைவிட ஆறு வயது மூத்த ஒருவரும். அவரை நாங்கள் மூவரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். விடியற்காலையில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, பதினொரு மணிக்கு வீடு வந்து சமைப்பார். எனக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பின்னேர வேலை; மூன்று மணிக்குப் புறப்படுவேன். ஆகவே பகல் இரண்டு மணிக்கு நால்வரும் விழித்திருக்கும் வீடு அது.

1986 டிசெம்பர் 2, செவ்வாய்க்கிழமை, அந்த இரண்டு மணிக்குத்தான் கதவு தட்டப்பட்டது. மேல்கோட்டுக்கு உள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு, கையில் தோல்பை, இருவராக வருகை. எங்கள் எல்லோருடைய அகதி விண்ணப்பங்களும் விசாரணைக்குக் காத்துக் கிடந்த காலம். இந்த அடையாளங்களை வைத்து எந்தத் தமிழனும் எடுக்கக்கூடிய முடிவைத்தான் நாங்களும் எடுத்தோம். குடிவரவுத் திணைக்களம் வீடு பார்க்க வந்துவிட்டது. சகோதரர்களில் இளையவன் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். மூத்தவன் தன் படிவங்கள் எல்லாம் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து, உயரமான வெள்ளைக்காரனின் கையில் கொடுத்துவிட்டு நின்றான். உயரமானவன் மரியாதையாக முதற்பக்கத்தை வாசித்தான். வாசித்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். அதன் மேல் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் வைத்தான். அதில் நீல வானமும் ஒரு சிரிக்கும் குடும்பமும் இருந்தன. மூத்தவன் அதையும் படிவம் என்று நினைத்து எங்கே கையெழுத்துப் போடுவது என்று என்னைக் கேட்டான்.

இங்கிலிஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பேச்சு என்னிடம் வந்தது. பெயர்த்தகட்டில் இருவருக்கும் மூப்பர் என்ற பட்டம். உயரமானவனுக்கு இருபது வயது. இளையவனுக்குப் பத்தொன்பது, கன்னத்தில் பரு. ஊரில் அவன் வயதுப் பெடியன்கள் துவக்கோடு போய்விட்டார்கள், அல்லது துவக்குக்குப் பயந்து ஓடிவந்துவிட்டார்கள். இவன் உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து நேராக எங்கள் ஆத்துமாவைக் காப்பாற்ற வந்திருந்தான்.

அதற்கிடையில் அண்ணை தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட பால்தேத்தண்ணீர், வீட்டில் இருந்த இரண்டு நல்ல கோப்பைகளில். இருவரும் கையை நெஞ்சில் வைத்து வேண்டாம் என்றார்கள். கோப்பைகளை அண்ணை திரும்பக் கொண்டுபோனார். அன்று அதை நான் கவனித்து எழுதவில்லை.

அடுத்தடுத்த செவ்வாய்களிலும் வந்தார்கள். எதற்காக அனுமதித்தோம் என்று கேட்டால், சகோதரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அவர்களுடைய தினசரியில் ஆர்வம். கேட்டுக் கேட்டு எழுதிவைத்தேன். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். குளித்து, படித்து, இருவரும் சேர்ந்து ஜெபித்து, ஒன்பதரைக்கு வெளியே இறங்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு வீடு, பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி, சினிமா, பெண் சிநேகம் எதுவும் கூடாது. ஒருவன் பார்வையிலிருந்து மற்றவன் மறையக்கூடாது; ஒருவன் கழிப்பறைக்குப் போனால் மற்றவன் கதவடியில் நின்று காத்திருந்ததை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். திங்கட்கிழமை உடுப்புத் தோய்ப்பும் வீட்டுக்குக் கடிதமும். தொலைபேசியில் தாயின் குரலைக் கேட்க வருடத்தில் இரண்டு நாள்: நத்தார், அன்னையர் தினம்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம்தான். எங்கள் ஊருக்குப் போன கம்பிகள் அறுந்துகிடந்தன. தாய் உயிரோடு இருக்கிறாளா என்று அறிய, கொழும்பில் இருக்கும் யாரோ ஒருவரின் கடிதத்துக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். இந்த இளைய மூப்பனுக்குக் கம்பியும் இருக்கிறது, தாயும் இருக்கிறாள், எந்த மூலையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது. அதைத் தொடாமல் இருப்பதை ஒரு பரிசுத்தம் என்று பெருமையாகச் சொன்னான்.

அவன் பிரெஞ்சு படுமோசம். இரண்டு மாதம் எங்கோ பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூலைக்கடை டெப்பனரில் அவன் வாய் திறந்தால் கடைக்காரி உடனே இங்கிலிஷுக்கு மாறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தோடு பனியில் நாள் முழுக்கக் கதவு தட்டுவான். தட்டிய கதவுகளை ஒரு சிறு கொப்பியில் கோடுகளாகப் போட்டுக்கொள்வான்; வாரமுடிவில் யாருக்கோ அறிக்கை போகும். கோடு இருந்ததே தவிர, கதவைத் திறந்தவர் யார், என்ன சொன்னார் என்று ஒரு வரி கிடையாது. பார்க்-எக்ஸ்டென்ஷனில் எட்டு மாதம் நடந்தவனுக்கு, கிரேக்கர் வீடு எது, தமிழர் வீடு எது என்று வாசனையில்கூடச் சொல்லத் தெரியவில்லை.

டிசெம்பர் 9இல் இளையவன் எங்கள் நாட்டைப் பற்றிக் கேட்டான். எனக்கு அதுபோதும். ஊரில் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன், பேச ஆளில்லாமல் மாதக்கணக்கில் பெட்டி கட்டுகிறவன். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தொடங்கினேன். உயரமானவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இளையவன் கொப்பியில் குறித்துக்கொண்டான். அன்றும் அண்ணை தேத்தண்ணீர் கொண்டுவந்தார், அன்றும் அவர்கள் தொடவில்லை.

அதற்குப் பிறகு அண்ணை வீட்டில் தேத்தண்ணீர் போடுவதை நிறுத்திவிட்டார். சகோதரர்கள் கேட்டதற்கு இலை முடிந்துவிட்டது என்றார். அலுமாரியில் இரண்டு பெட்டி இருந்தது.

டிசெம்பர் 16, செவ்வாய் காலை, சகோதரர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நீர் அவங்களுக்கு என்ன சொன்னனீர்?"

எவர்களுக்கு என்று கேட்டேன்.

"அந்த வெள்ளையளுக்கு. போன செவ்வாய் ஒரு மணித்தியாலம் இங்கிலிசிலை கதைச்சனீர். ரெண்டு தரம் குசினிப் பக்கம் திரும்பிப் பாத்தனீர்."

"ஐம்பது நிமிஷம், அண்ணை," என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.



அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. தமிழ் வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் தண்ணீர் வெந்நீர் குடிக்காமல் எழும்பி வந்தால், அவர் எந்தச் சாதி, நாம் எந்தச் சாதி என்று இரண்டு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. சந்தியில் இருந்த தேநீர்க்கடையில் சிலருக்குக் கிளாசும் சிலருக்குப் போத்தலுமாக ஊற்றியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அண்ணையின் தகப்பன் போத்தலில் குடித்தவர். அது எனக்குத் தெரியும். சகோதரர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் அவர் பட்டினத்துக்குக் கிட்ட என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர்களும் அவர் சமையலை வழித்துச் சாப்பிட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டேன். ஓகஸ்டில் அந்த அறைக்கு வந்த முதற்கிழமையே கேட்டேன். ஊர் எது? ஊரில் எவடம்? கோயிலுக்கு மேற்கா கிழக்கா? எந்தப் பள்ளிக்கூடம்? கச்சேரியில் வாக்காளர் இடாப்புப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன் நான். அந்தப் பகுதியின் ஒழுங்கைகள் எனக்கு மனப்பாடம். மூன்றாவது மதகு கடந்து கடற்கரைப் பக்கம் என்று அவர் சொன்னபோது மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்கவில்லை. நான் நிறுத்தியதை அவரும் கண்டார். வரலாற்றில் ஆர்வம் என்றுதான் அன்று நானே நம்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாததை ஒரு பெருந்தன்மையாக நாட்குறிப்பில் இரண்டு இடத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர்களுடைய சமயத்தில் தேத்தண்ணீரும் கோப்பியும் விலக்கு என்றேன்.

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. "தேத்தண்ணி குடிச்சாப் பாவம் எண்டு ஒரு சமயம் இருக்கே, தம்பி? சாராயம் எண்டாலும் நம்பலாம்."

இருக்கிறது அண்ணை, அவர்கள் எங்கும் குடிப்பதில்லை என்றேன்.

"எங்கடை ஊரிலையும் உப்பிடித்தான் சொல்லுவினம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான். வயித்துக்குச் சரியில்லை. இண்டைக்கு விரதம். நான் எல்லாத்தையும் கேட்டு வளந்தனான்." பிறகு, இல்-பிசாரில் ஒரு கிழவரின் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், நிலவறையில் தங்கலாம், பனி தள்ள வேண்டும் என்று சொன்னார். சந்தையில் ஒருவர் விசாரித்துக் கொடுத்தாராம்.

அது பஸ்சே ஒழுங்காகப் போகாத ஒரு தீவு, அங்கே தனியாக என்ன செய்வீர்கள் என்றேன்.

"அங்கை ஒரு தமிழனும் இல்லை. அதுதான் நல்லது. இவன்கள் ரெண்டு பேருக்கும் தெரிய வந்து, நான் வைச்ச கறியை முன்னாலை வைச்சுக்கொண்டு அவன்கள் முழிக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது. நாலு மாசமா நானும் ஒரு மனிசனா இந்த வீட்டிலை இருந்திட்டன்."

நத்தாருக்கு முந்திய செவ்வாய், டிசெம்பர் 23. கடுங்குளிர். இருவரும் வந்தார்கள், இளையவனின் காது சிவந்து, சப்பாத்துக்குள் பனி புகுந்திருந்தது. அண்ணை அடுப்பில் தண்ணீர் வைத்தார். தான் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரை எடுத்தார். விளிம்பில் ஒரு நசிவு இருக்கும், அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. இலையும் போடவில்லை, சீனியும் போடவில்லை. சுடுதண்ணீரை அதில் ஊற்றிக் கொண்டுபோய் இளையவனின் முன்னால் நீட்டினார்.

அதைவிடச் சரியான சோதனை இருக்க முடியாது. தேத்தண்ணீர் இலைதான் குற்றம் என்றால் தண்ணீரில் குற்றம் இல்லை. கைதான் குற்றம் என்றால் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மேலான குற்றம்.

இளையவன் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று தம்ளரை நீட்டினான். அடுத்தது உயரமானவன், அதே தம்ளரில். அண்ணை உள்ளே போய் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் புட்டும் சம்பலும் மீன்குழம்பும் போட்டுக் கொண்டுவந்தார். இளையவன் கையால் அள்ளி, பாதியை மடியில் கொட்டி, உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே தின்றான். சகோதரர்கள் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். இந்த நான்கு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணை முடிக்கவில்லை. தம்ளரில் திரும்பவும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"தம்பி, நீரும் குடியும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று சொல்லி ஓகஸ்ட் முடிவிலிருந்து நான் தனியாகச் சமைத்துக்கொண்டேன். பாண், முட்டை, தகரமீன். தேத்தண்ணீரும் நானே போட்டுக்கொண்டேன். சீனி கூடிவிட்டது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒரே அறையில் உறங்குவதில் எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அதனால் என்னை நான் முற்போக்கானவன் என்றே எண்ணிவந்தேன். நிறைய வாசித்தவனும்கூட.

"எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, அண்ணை," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தம்ளரை வாங்கிக் குடித்தேன், முழுவதும் குடித்தேன். ஆனால் சொன்னதற்குப் பிறகுதான் குடித்தேன். வரிசை முக்கியம்.

சகோதரர்களில் மூத்தவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். அவன் மந்தன் அல்ல. நான் அண்ணையின் சாப்பாட்டை மாதக்கணக்காகத் தொடவில்லை என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் ஒரு கணக்காகச் சேர்ந்திருக்க வேண்டும். நானும் அண்ணையும் ஒரே பக்கத்து ஆட்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். மெதுவாக, மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?"

அண்ணை சொன்னார். ஒழுங்கையின் பெயரோடு, தகப்பனின் தொழிலோடு, ஒன்றும் விடாமல் சொன்னார். தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தார்.

மூப்பர்களில் இளையவன் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தான். தாயோடு தொலைபேசியில் பேச இன்னும் இரண்டே நாள்தான் என்று என்னிடம் சொன்னான். இந்தச் சாப்பாட்டைப் பற்றித் தாய்க்குக் கட்டாயம் சொல்லப் போவதாகவும் சொன்னான். போகுமுன் எல்லோரும் தலை குனிய வேண்டும் என்று உயரமானவன் கேட்டுக்கொண்டு, இந்த வீட்டில் நிலவும் அன்புக்காக ஒரு ஜெபம் செய்தான். நாங்கள் குனிந்துதான் இருந்தோம். ஊர் ஊராகக் கதவு தட்டிப் பாவத்தைத் தேடித் திரிகிற இரண்டு பேர், அதன் நடுவில் உட்கார்ந்து புட்டுத் தின்றுவிட்டு, கொப்பியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு படி இறங்கினார்கள்.

அடுத்த நாள் சகோதரர்கள் பாண் வாங்கிவந்தார்கள். நத்தார் விடுமுறை என்பதால் உணவகத்திலேயே சாப்பாடு தருகிறார்கள் என்று அவர்களில் இளையவன் காரணம் சொன்னான். விடுமுறை முடிந்த பிறகும் பாண் வந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூன்று பேரும் அவரோடு முன்னரைவிட மரியாதையாகப் பேசினோம். அவர் வைத்த கறி சட்டியில் கிடந்து, அவரே அதைக் கொட்டினார்.

1987 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை காலை 9.40க்கு ஒரு பெட்டியோடு இறங்கிப்போனார். பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிவருகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி, உமக்கு வயிறு சரியில்லை," என்றார்.

6ஆம் திகதி மூப்பர்கள் வந்தார்கள். சமைப்பவர் எங்கே என்று இளையவன் கேட்டான். இல்-பிசாருக்குப் போய்விட்டார், நீங்கள் போய்ப் பார்க்கலாமே என்றேன். அது தங்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குள் வராது என்றான். அவன் முகத்தில் கவலை இருந்தது, விதியை மீற வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. பெப்ரவரியில் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

நானாவது போனேனா? ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போனேன். இரண்டு பஸ் மாறி, அரை மணி நடந்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கிழவரின் மகள் கதவைத் திறந்து, அந்த மனிதர் மார்ச்சிலேயே போய்விட்டார், நல்ல மனிதர், எங்கே போனார் என்று சொல்லவில்லை என்றாள். டொரொன்டோவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். விசாரித்தேன், அது வேறு ஆள்.

அண்ணை குசினியில் கேட்ட கேள்விக்கு நான் சத்தியம் செய்து பதில் சொல்லியிருந்தேன். அந்தப் பதிலைச் சரிபார்க்க என்னிடம் உள்ள ஒரே ஆவணம் என் நாட்குறிப்புத்தான். டிசெம்பர் 9க்கு உரிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பி.ப. 2.10 முதல் 3.00 வரை. எங்கள் சமூக அமைப்புப் பற்றி இருவருக்கும் விளக்கினேன், உதாரணங்களோடு." பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுதுகிறவன், அந்த உதாரணங்கள் எவை என்று எழுதவில்லை. சாதியைப் பற்றிப் பேசினேன் என்பது உறுதி. குசினியில் நின்றவரைச் சுட்டிக்காட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. சுட்டிக்காட்டவில்லை என்றும் நினைவில்லை. அண்ணைக்குச் சந்தைப் பழக்கத்தில் கொஞ்சம் இங்கிலிஷ் காதில் விழும். எவ்வளவு விளங்கியது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஆகவே இந்த விடயம் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.